யாரும் கிள்ளவே இல்லை

காயம் இல்லாத வலியை உலகம் நம்பாது. காலில் கட்டுப் போட்டு வந்தால் நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். தலைவலி என்று வந்தால் தைலத்தை நீட்டிவிட்டு, "நேத்து சினிமாவா?" என்பார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தாம்பரத்துப் பள்ளி ஒன்றில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். அடிக்கடி எனக்கு ஒற்றைத் தலைவலி வரும். தலைமையாசிரியை அதைச் சாக்குக் கணக்கில்தான் வைத்திருந்தார். "வேலை நிரந்தரம் ஆகணும்னா இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்காவது தலையை ஒழுங்கா வெச்சுக்கோம்மா" என்று எச்சரித்தார். (என்னமோ தலையை நானே கழற்றி மாட்டுவது போல!)

வலி மூளைக்குப் போகும் விதத்தைப் பாடமாக எடுக்கத் துணிந்தேன். பிள்ளைகளைக் கைகோத்து வரிசையாக நிறுத்தினேன். ஒரு முனையில் ஏழுமலை, அவன் கால்விரல். மறுமுனையில் ஸ்டெல்லா, அவள் மூளை. நடுவில் நிற்பவர்கள் நரம்பு. ஏழுமலையைக் கிள்ளினால் அவன் அடுத்தவன் கையை அமுக்குவான். அமுக்கல் அப்படியே கைமாறிப் போனதும் ஸ்டெல்லா "ஆ!" என்று கத்த வேண்டும். ஒரு வாரம் விடாமல் ஒத்திகை பார்த்தோம்.

இன்ஸ்பெக்டர் வந்தார். பன்னீர் தெளித்து, ஊதுபத்தி கொளுத்தி, சம்பங்கி மாலை போட்டார்கள். அத்தனை வாசனையும் அவரோடு என் வகுப்புக்குள் நுழைந்தது. என் கண்முன் வெள்ளிச் சரிகை ஒன்று நெளிந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் மீசையில் பாதியைக் காணோம். என் தலைவலி வருமுன் இப்படித்தான் மின்னும், அடுத்து மண்டைக்குள் இடிதான்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஏழுமலையை நோக்கி நடந்தேன். பாதி வழியிலேயே ஸ்டெல்லா கட்டடம் அதிர "ஆ!" என்றாள்.

"யாரும் கிள்ளவே இல்லையே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

நடுவில் நின்ற மஸ்தான் அழுதேவிட்டான். "நான் இன்னா டீச்சர் பண்றது? டெய்லி அமுக்கி அமுக்கி, கை தானா அமுக்கிகினே கீது!"

ஸ்டெல்லா மறுபடி கத்தினாள். அப்புறம் நிறுத்தவே இல்லை. தலைமையாசிரியையின் முகம் கறுத்தது (அதிலும் பாதிதான் எனக்குத் தெரிந்தது).

"இதென்னம்மா பாடம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இதுதான் சார் என் தலைவலி. யாரும் கிள்ளல. நடுவுல நரம்பு தானா அமுக்குது. மூளை பாவம், அதை நம்பிக் கத்துது."

சொல்லி முடித்த கையோடு, அவருடைய பளபள ஷூ மீது காலையில் தின்ற இட்லியைச் சமர்ப்பித்தேன்.

கண் விழித்தபோது ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள், ஸ்டெல்லாவின் வாயையும்தான். தலைமையாசிரியை ஈரத்துணியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "நிஜமாவே வலிக்குதாம்மா?" என்று மெல்லக் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முதல் தடவையாக ஒருவர் நம்பினாரே!

வேலை அடுத்த இன்ஸ்பெக்‌ஷனில்தான் நிரந்தரமானது. அன்று விதை முளைப்பதைப் பற்றிப் பாடம் எடுத்தேன். விதை கத்தாது. வெகுகாலம் கழித்து ஒரு டாக்டர் விளக்கினார்: மூளைக்கு என்று தனியாக வலி கிடையாது, அதைச் சுற்றிய உறையின் நரம்புகள்தான் லேசில் உசுப்பேறிக் கூப்பாடு போடுகின்றன. மஸ்தானைத்தான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் காரணமில்லாமல் யார் சிடுசிடுத்தாலும் "யாரு கிள்ளினா?" என்று கேட்டுச் சிரிப்பது வழக்கம். என் சொத்தில் தலைவலி மட்டும் மகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. சில நாள் வேலையிலிருந்து எங்கள் செம்பாக்கம் வீட்டுக்குள் நுழைந்ததும் திரையை இழுத்துவிட்டுப் படுத்துவிடுவாள்.

"யாருடி கிள்ளினா?" என்பேன்.

"யாரும் கிள்ளலம்மா."

நான் விளக்கை அணைத்துவிட்டு ஈரத்துணி எடுக்கப் போவேன்.