முப்பத்தாறு அங்குல முன்னேற்றம்

எங்கள் ஊர் நில அளவை அலுவலகத்தின் சுவரில், "மக்கள் நலனுக்காகச் சுழல்வதே நிர்வாகச் சக்கரம்" என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். நாங்கள் படித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தோம். இயக்குநர் மட்டும் அதை நம்பித் தொலைத்தார்.

அவர் அரசாங்கச் செலவில் வெளிநாடு போய், அங்கே ஒரு பூங்காவில் யாரோ ஒற்றைச் சக்கர வண்டி ஓட்டுவதைப் பார்த்துவிட்டு வந்தார். வந்த கையோடு, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கோப்பு சுமக்கும் பியூனின் சைக்கிளைப் பறிமுதல் செய்து, ஒற்றைச் சக்கர வண்டி ஒன்றைக் கொடுத்தார். சைக்கிளில் வேலை செய்வது பின்சக்கரம்தானாம். முன்சக்கரம் சும்மா கூடவே வருகிறதாம். சும்மா கூடவே வருவதைப் பற்றி அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

பியூனுக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பாவம், சுவரைப் பிடித்துப் பிடித்துப் பழகினார். புதிதாக வெள்ளையடித்த நடைபாதைச் சுவர் முழுக்க அவருடைய உள்ளங்கை அழுக்கு. ஒருவழியாகப் பழகி முடித்த வாரத்தில் மிதிகட்டை முறிந்து, ஆள் குப்புற விழுந்து, முழங்கால் வீங்கிவிட்டது.

உடனே உயர்மட்டக் குழு கூடியது. குழுவில் ஒருவருக்கும் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆகவே நடுநிலை உறுதி செய்யப்பட்டது.

"எப்படிய்யா விழுந்தே?" என்றார் குழுத் தலைவர்.

"மிதிகட்டை உடைஞ்சு போச்சுங்க. ரொம்ப நாளா ஆடிக்கிட்டிருந்துது. முடுக்கித் தாங்கன்னு கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்."

"முடுக்கறது வேற பிரிவு. அதை இங்கே பேசாதே. சக்கரம் எத்தனை அங்குலம்?"

"இருபதுங்க."

தலைவர் மற்றவர்களைப் பார்த்துத் தலையாட்டினார். "பார்த்தீங்களா? சின்னச் சக்கரம்னா நிறைய சுத்தணும். நிறைய சுத்தினா நிறைய மிதிக்கணும். மிதிச்சா உடையத்தானே செய்யும்? பெரிய சக்கரம் வாங்கிட்டா பிரச்சினையே இல்லை."

"ஐயா, என் பழைய சைக்கிளைக் கொடுத்துட்டாப் போதுங்க. இந்தக் காலை நம்பித்தான் வீட்ல அஞ்சு வயிறு இருக்கு."

"முன்னேறச் சொன்னா பின்னாடி போறேங்கிறியே!" என்று தலைவர் மனம் நொந்தார்.

முப்பத்தாறு அங்குலச் சக்கரம் வந்தது. இயக்குநர் நாடா வெட்டினார். பியூனை ஏணி வைத்து ஏற்றினார்கள். இறக்குவதற்கு மட்டும் யாரும் உத்தரவு போட்டிருக்கவில்லை.

"நிறுத்துய்யா, கோப்பைக் கொடு!" என்றார் இயக்குநர்.

"நிறுத்தினா விழுந்துடுவேங்க!"

"அப்ப நிறுத்தாதே!"

அன்றிலிருந்து பியூன் வட்டமடிக்க, ஒரு குமாஸ்தா கூடவே ஓடி, கோப்பைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்கும் அவரே ஓடினார். கோப்புகள் முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் போய்ச் சேர்வதாக இயக்குநர் அறிக்கை விட்டார். குமாஸ்தாவின் மூச்சிரைப்பு அறிக்கையில் இல்லை.

ஒரு நாள் மழை வந்தது. கோப்பு நனையக் கூடாது என்று பியூனை உள்ளே வரச் சொன்னார்கள். வாசல் நிலை, தரையில் நடக்கும் மனிதர்களுக்காக வைத்தது. நெற்றி நிலையில் இடித்தது, கால் இரண்டு இடத்தில் முறிந்தது. குழு மறுபடியும் கூடி, வாசல் தாழ்வாக இருந்ததே விபத்துக்குக் காரணம் என்று கண்டுபிடித்தது. கட்டடத்தை இடிக்க ஆணை பிறந்தது.

பியூன் எங்கள் தெருக்காரர். மனுஷனா, மரக்கட்டையா? தெருவே திரண்டு மருத்துவமனைக்குப் போனோம். தொடைவரை மாவுக்கட்டோடு படுத்திருந்தார். அவர் மனைவி தலைமாட்டில் அழுதுகொண்டிருந்தார். கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களைக் கட்டிலோரம் வைத்தோம். பிறகு எங்களில் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்.

"அண்ணே, அந்தச் சக்கரம் எங்கே கிடைக்கும்? பையன் ஒரே அடம்."

"எனக்கும் சேர்த்துக் கேளுங்க," என்று பின்னாலிருந்து நாலைந்து குரல்கள் வந்தன.

பியூன் வலியோடு தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தார். எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்கெல்லாம் இருபது அங்குலம்தான் கிடைக்கும்," என்றார். "முப்பத்தாறு எங்க ஆபீசுக்கு மட்டும்தான்."