யார் பெயரை முதலில் போடுவது

எல்லோரையும் திருப்திப்படுத்த முடியும் என்று இருபத்திரண்டு வயதில் நான் மனதார நம்பினேன். அந்த நம்பிக்கையால் ஓசூரில் மூன்று சபைகளின் மானத்தையும் ஒரே காலையில் வாங்கிய பெருமை என்னுடையது.

எண்பதுகளில், தொழிற்பேட்டையில் வேலை தேடி திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அக்காவுக்கு ஒரு கம்பெனியில் காலை ஆறு மணி ஷிப்ட். அத்தானுக்கு லாரி. எனக்கு டைப்பிஸ்ட் வேலை. ஒரு வயது பிரின்ஸியைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டம்மா, மகள் பிரசவத்துக்காக உத்தனப்பள்ளிக்குப் போகப்போவதாகச் சொல்லிவிட்டார். வேறு ஆள் கிடைக்காவிட்டால் அக்கா வேலையை விட வேண்டியதுதான். எங்கள் தெருவில் இப்படி ஏழெட்டுத் தாய்மார்கள் இருந்தார்கள்.

அப்போதுதான் பெங்களூரில் ஒரு கிறிஸ்தவ அமைப்பு, பல சபைகள் சேர்ந்து செய்யும் காரியங்களுக்குச் சிறு நிதியுதவி தருவதாகத் தெரிந்தது. சேர்ந்து செய்தால் மட்டும்தான் தருவார்கள். கத்தோலிக்கக் கோவில் ஃபாதர், எங்கள் சபை ஐயர் (போதகரை எங்கள் ஊர்ப்பக்கம் அப்படித்தான் சொல்வோம்), தெலுங்கு சபை பாஸ்டர் மூவரும் குழந்தைகள் காப்பகம் நடத்தச் சம்மதித்தார்கள். இடம், ஆள், பால்பவுடர் எல்லாம் அரை மணி நேரத்தில் முடிவாயிற்று. விண்ணப்பத்தில் எந்தச் சபையின் பெயரை முதலில் போடுவது என்பதற்கு மட்டும் மூன்று வாரம் ஆயிற்று.

எது பழைய சபையோ அது முதலில் என்றார் ஃபாதர். ஓசூரில் முதலில் கட்டடம் கட்டியது யார் என்று கேட்டார் ஐயர். ஞாயிற்றுக்கிழமை எங்கே கூட்டம் அதிகம் என்று எண்ணிப் பார்க்கலாமே என்றார் பாஸ்டர். விண்ணப்பம் அடிக்கும் பொறுப்பில் இருந்த நான், அகரவரிசையில் போடலாம் என்று வாயைத் திறந்தேன். எந்த பாஷை அகரவரிசை என்று பாஸ்டர் அமைதியாகக் கேட்டார்.

கடைசியில் என் மூளை வேலை செய்தது (அதுதான் வினை). கையெழுத்துகள் மட்டும் இருக்கும் கடைசித் தாளை மூன்று பிரதி எடுத்து, மூவரிடமும் கையெழுத்து வாங்கினேன். முன்பக்கத்தை மட்டும் இங்கிலீஷில் மூன்று விதமாக அடித்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு சபை ‘முன்னின்று நடத்தும்’, மற்ற இரண்டும் ‘உறுதுணையாக நிற்கும்’. எங்கள் சபையின் பெயர் முதலில் இருந்ததைத் தபாலில் சேர்த்தேன் (சொந்தச் சபைப் பாசம்தான், ஒத்துக்கொள்கிறேன்). மற்ற இரண்டையும் ‘இது உங்கள் ஆபீஸ் காப்பி’ என்று அவரவரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் நம்பும் வழக்கம் நம் பக்கம் கிடையாது என்பதை நான் மறந்துவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று பாஸ்டர் தம் காப்பியை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார். ஃபாதர் பெங்களூர் போகிறவர் கையில் கொடுத்தனுப்பினார்.

ஒரு சனிக்கிழமை காலை, அந்த அமைப்பிலிருந்து ஓர் அம்மையார் நேரில் பார்க்க வந்தார். கோவில் ஹாலில் மூன்று போதகர்களும் வரிசையாக, ஒற்றுமையே உருவாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மையார் பையிலிருந்து மூன்று விண்ணப்பங்களை எடுத்து மேஜைமேல் பரப்பினார். மூன்றிலும் என் டைப்ரைட்டரின் ‘e’ எழுத்து ஒரே மாதிரி எகிறி நின்றது. ஒவ்வொன்றின் முதல் பாராவையும் அவர் நிதானமாக வாசிக்க வாசிக்க, மூவரும் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

“இது மூணும் நீதானாம்மா அடிச்சது?” என்றார் அம்மையார்.

தலையை ஆட்டினேன். ஒற்றுமைக்கென்று வைத்திருக்கும் உதவிக்கு ஒரே ஊரிலிருந்து மூன்று போட்டி விண்ணப்பங்கள் வந்தது இதுதான் முதல் தடவை என்றும், இந்த வருடம் தர முடியாது என்றும் சொல்லிவிட்டு அவர் காகிதங்களை அடுக்கினார். வெட்கத்தைவிட அக்காவின் முகத்தைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

பின்வரிசையில் மற்றத் தாய்மார்களோடு உட்கார்ந்திருந்த அக்கா, பிரின்ஸியை இடுப்பில் வைத்தபடி எழுந்தாள்.

“காசு வரலன்னா போவுது ஐயா. திங்கக்கெழம காலைல ஆறு மணிக்கு இவள யாரு வச்சிக்கிடுவா? அத மட்டும் சொல்லுங்க.”

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தம் மனைவி வருவார் என்றார் பாஸ்டர். ஃபாதர் அந்த ஹாலின் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். பாயும் பால்பவுடரும் தம் பொறுப்பு என்று ஐயர் சொன்னார். அப்போது யார் முதலில் சொன்னது என்று அவர்கள் சண்டை போடவில்லை.

திங்கட்கிழமை காப்பகம் திறந்தது. அக்கா ஷிப்டுக்குப் போனாள். மறுவருடம் ஒரே ஒரு விண்ணப்பம் போனது. முதலில் தாய்மார்களின் பெயர்கள், கீழே மூன்று சபைகள். உதவியும் வந்தது.

பல வருடம் கழித்து பிரின்ஸிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகையில் யார் பெயரை முதலில் போடுவது என்று இரு வீட்டாரும் முறுக்கிக்கொண்டு நின்றார்கள். ஒரு வழி சொல்லலாமே என்று நான் பேனாவை எடுத்தேன். அந்த மூன்று விண்ணப்பக் கதையைக் கேட்டு வளர்ந்த கல்யாணப் பெண் எழுந்து வந்து, பேனாவை என் கையிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டாள்.

“சித்தி, நீங்க போய்க் காப்பி குடிங்க. எனக்கு ஒரு மாப்பிள்ள போதும்.”