எதிர்க் கொட்டகைக் கூட்டம்

இளையபெருமாளின் பலகையில் மூன்று நாளாக ஒருவரும் படுக்கவில்லை. எதிர்க் கொட்டகையிலோ உட்கார இடமில்லை.

காரைக்கால் கடற்கரையில் பதினெட்டு வருஷமாக எண்ணெய் தேய்ப்பதற்கு அவர் ஒருவர்தான். பிரெஞ்சு எல்லைச் சுங்கச் சோதனையைத் தாண்டி உப்புக் காற்றுக்கும் கடல் குளியலுக்கும் வருகிற வெளியூர்க்காரர்கள், அவர் கை படாமல் ஊர் திரும்பியதில்லை. போன மாதம் சைகோனிலிருந்து வந்திறங்கிய ஜெய்னுலாபுதீன், எதிரிலேயே கொட்டகை போட்டு, முதுகில் கண்ணாடிக் குப்பி கவிழ்த்து வலியை உறிஞ்சி எடுப்பதாக விளம்பரமும் எழுதிவிட்டார். அன்றிலிருந்து பையும் குடையுமாகப் புது முகங்கள் அங்கேதான் போகின்றன.

இளையபெருமாளுக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்று யாராவது சொன்னால் மட்டும் கோபம் வரும். தொழில் மேல் அக்கறையாம்.

முதலில் எண்ணெயைக் காரமாக்கிப் பார்த்தார். மிளகும் கடுகும் கூடுதலாகப் போட்டுக் காய்ச்சியதில் முதலில் மாட்டியவர் ஒரு மன்னார்குடி மிராசுதார். எரிச்சல் தாங்காமல் கோவணத்தோடு கடலுக்கு ஓடியவர், உப்புத் தண்ணீர் பட்டதும் ஓடிய வேகத்திலேயே திரும்பி வந்து எதிர்க் கொட்டகைக்குள் விழுந்தார்.

இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் புலம்பிய புருஷனைப் பார்த்து அல்லிக்கு அலுத்துப்போயிற்று. "அந்த மனுஷன் அப்படி என்னதான் பண்றாருன்னு ஒருவாட்டி போயித்தான் பாருங்களேன்" என்றாள்.

போனார். கறுப்புக் கண்ணாடி, தலையில் மப்ளர், கையில் ஒரு தோல் பை. சிதம்பரத்திலிருந்து வருவதாகவும் கழுத்து வலி என்றும் சொன்னார். ஜெய்னுலாபுதீன் ஒன்றும் கேட்காமல் குப்புறப் படுக்க வைத்து எட்டுக் குப்பிகளைச் சூடாகக் கவிழ்த்தார். சிதம்பரம்தான் பொய், கழுத்து வலி நிஜம். அரை மணியில் அந்த வலி போன இடம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அவர் பட்ட பொறாமையிலேயே பெரிய பொறாமை அப்போதுதான் வந்தது.

மறுநாள் நல்லவேளையாகக் கும்பகோணத்து ஜவுளிக்காரர் ஒருவர் இடுப்பு வலியோடு வந்து பலகையில் படுத்தார். இளையபெருமாள் உற்சாகமாகத் தன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கத் திரும்பினார்.

"என்னங்க அது, முதுகுல வட்ட வட்டமா?"

இளையபெருமாள் வாயைத் திறக்குமுன் ஜவுளிக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"நீங்களே அங்கதான் போய்ப் பாத்துக்கிறீங்களா? அப்ப நான் மட்டும் இங்க எதுக்குங்க?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தார்.

இனி பொறுப்பதில்லை என்று முடிவாயிற்று. ராத்திரி தூங்காத கண்ணோடு மறுநாள் காலையில் இளையபெருமாள் கண்ணாடி, மப்ளர் எதுவும் இல்லாமல் எதிர்க் கொட்டகைக்குள் நுழைந்தார். ஜெய்னுலாபுதீன் உள்ளே யார் முதுகிலோ வேலையாக இருந்தார். வெளியே இரண்டு பெஞ்சிலும் ஆட்கள். ஓர் ஓரத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார். குப்பியாவது, உறிஞ்சுவதாவது, எல்லாம் ஏமாற்று. ஊர் விட்டு ஊர் நம்பி வருகிற பயணிகளைத்தான் சொல்ல வேண்டும். எண்ணெய்த் தேய்ப்புக்கு ஈடு உண்டா?

பெஞ்சில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சிலர் கூச்சத்தோடு கால் கட்டை விரலைப் பார்த்தார்கள். பக்கத்தில் குடையோடு இருந்தவர் மட்டும் இளையபெருமாளின் கையைப் பிடித்து, எண்ணெய் ஏறி மினுங்கிய உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அதே போல் மினுங்கிய தன் உள்ளங்கையை அதன் பக்கத்தில் விரித்துக் காட்டினார்.

"மெதுவாப் பேசுங்க. நான் தரங்கம்பாடியில எண்ணெய் தேய்க்கிறவன், அவரு நாகூரு, அந்த மூணு பேரும் வேளாங்கண்ணி, எல்லாரும் இவரு தொழில வேவு பாக்க வந்தவங்கதான். நெசமா வலின்னு வந்தவங்க இதுவரைக்கும் ரெண்டே பேரு, அந்த ரெண்டு பேரையும் நீங்கதான் அனுப்பி வச்சீங்களாம்."