என் தொகுப்பில் வளர்ந்த சேவல்

அன்பும் மரியாதையும் நிறைந்த பெலென் அத்தைக்கு,

உங்கள் கையை என் நெற்றியில் ஒற்றிக்கொண்டு திவினா எழுதுவது. இலோய்லோவில் நீங்கள் நலம் என்று நம்புகிறேன். இங்கே தீவில் நாளைக் காலை வரை நாங்களும் நலம்.

கொசுவலைக்குள், போன் வெளிச்சத்தைப் போர்வையால் மூடிக்கொண்டு எழுதுகிறேன். பள்ளிக்கூடம் போனுக்குள் வந்ததிலிருந்து பெர்லா டீச்சர் எங்களை டிஜிட்டல் தொகுப்பு செய்யப் பழக்குகிறார். செய்த வேலையைப் படமெடுத்துப் போட வேண்டும், கற்றதைக் கீழே எழுத வேண்டும், வளர்ச்சி தெரிய வேண்டும். நீங்கள்தான் அதைத் தொடங்கிக் கொடுத்து, "படம் எடுத்தா போதும்டி, அதுவே தொகுப்புக்குப் போயிரும்" என்றீர்கள். போகிறது அத்தை. வீட்டில் ஒரே போன். அப்பா எடுப்பதும் போகிறது.

அப்பா எடுப்பது மேயரை. அப்படிப் பேர் வைத்த சண்டைச் சேவலை விற்றுவிட்டதாக அம்மாவிடம் சத்தியம் செய்துவிட்டு, படகுக் கொட்டகையில் ஒளித்து வளர்க்கிறார். "இனி சேவல்னு பேச்சு வந்தா நான் படகேறிருவேன்" என்று அம்மா சொன்னது உங்களுக்கே தெரியும். என் கணக்குகளுக்கு நடுவே மேயர் குஞ்சாக, மேயர் கொண்டையோடு, மேயர் கடலைப் பார்த்தபடி. வீடியோவில் அப்பாவின் குரல் வேறு: "ஒரு வேளைத் தீனியில எப்படிடா இப்படிக் கொழுக்குற?" நான் அழித்தால் திரும்ப ஏறிக்கொள்கிறது. கண்ணை மூடினால் மேயர் நிலா வெளிச்சத்தில் அலைமேல் நடந்து போய், டீச்சர் வீட்டுக் கூரையில் இறகை மெல்ல விரித்து உட்காருகிறான்.

இன்று வகுப்பில் டீச்சர், "வளர்ச்சின்னா இதுதான் பிள்ளைகளா! திவினா, நாளைக்கு அப்பா அம்மாவ உக்கார வச்சு இந்தத் தொகுப்ப நீயே விளக்கணும்" என்றார். கூடப் படிக்கும் இனாசியோ உடனே கொக்கரித்தான். "மார்க்கு இவளுக்கா, சேவலுக்கா டீச்சர்?"

தானாக ஏறுவதை நிறுத்தும் பாஸ்வேர்டு உங்களிடம்தான் இருக்கிறது. விடிவதற்குள் மேயரை அழித்துவிடுங்கள். அம்மா படகேறினால் நான் படகில் இருப்பதா, கரையில் நிற்பதா என்று தெரியவில்லை.

கடவுள் உங்களைக் காக்கட்டும். நேரம் மிஞ்சினால் என்னையும்.

உங்கள் கீழ்ப்படிந்த மருமகள்,
திவினா

பி.கு.: கடைசியாக ஒருமுறை மேயரைப் பார்க்கத் தொகுப்புக்குள் போனேன். நேற்று ஏறிய வீடியோவை இப்போதுதான் திறந்தேன். மேயர் சோளம் கொத்துகிறான். சோளம் நீட்டும் கையில், மீன் வறுக்கும்போது எண்ணெய் தெறித்த அம்மாவின் தழும்பு. குரலும் கேட்கிறது: "சீக்கிரம் தின்னுடா செல்லம், அந்த மனுசன் வந்துருவாரு."

எதையும் அழித்துவிடாதீர்கள் அத்தை. எனக்குத் தூக்கம் வருகிறது.