தலைமாட்டு நாற்காலி

மனைவியின் ஆழ்மனதைத் தோண்டிப் பார்த்துவிடுவது என்று நாச்சிமுத்து முடிவு செய்தான். தேசமெங்கும் போய் ஆயிரம் அடிக்கு ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிகள் வரிசையாக நிற்கும் சாலையில் குடியிருப்பவன். ஒரு மனசுக்குள் இறங்க முடியாதா என்ன?

காரணம் இருந்தது. மலர்விழி சண்டை போடுவதை நிறுத்தியிருந்தாள். முன்பெல்லாம் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, தவறாது. இப்போது எதற்கும் "சரிங்க". குழம்பில் உப்பில்லை என்றால் "சரிங்க". உன் அண்ணன் ஒரு உதவாக்கரை என்றால்கூட "சரிங்க". நாச்சிமுத்து கணக்குப் போட்டான். அண்ணனையே விட்டுக்கொடுத்தவள் புருஷனை விட எவ்வளவு நேரமாகும்? இவள் நம்மைக் கைகழுவிவிட்டாள், வாயால்தான் இன்னும் சொல்லவில்லை என்று தோன்றியது. தூக்கம் போனது.

அவனுக்கு நாமக்கல் பக்கம் ஒரு கோழித்தீவன மில்லில் நைட் ஷிப்ட். அரவை மெஷின் பக்கத்தில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பான். ஒருநாள் உளப்பகுப்பாய்வு பற்றி ஒரு வீடியோ போனில் தானாக வந்து நின்றது. பிறகு அதே சங்கதி அடுத்தடுத்து வந்தது. பேசுகிறவரைப் படுக்க வைக்க வேண்டும். கேட்கிறவர் தலைமாட்டில், கண்ணில் படாமல் உட்கார வேண்டும். மனசில் வந்ததை வந்தபடி பேச விட வேண்டும். குறுக்கே பேசக் கூடாது. மக்காச்சோள மூட்டைகளுக்கு நடுவே ஒரு மனநல நிபுணன் மெல்ல உருவாகிக்கொண்டிருந்தான்.

ஒரு மத்தியானம் ஆரம்பித்தான்.

"மலரு, இந்தக் கட்டில்ல படு."

"ஏனுங்க?"

"உம் மனசுக்கு ஒரு வைத்தியம்."

"சரிங்க."

படுத்தாள். சொல்லாமலே கைகளை வயிற்றின்மேல் கோத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தாள். அவன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைமாட்டுக்கு இழுத்தான்.

"திரும்பிப் பாக்கக் கூடாது."

"பாக்கலீங்க."

"மனசுல வர்றத வந்தாப்பல சொல்லு."

"அசிங்கமா வந்தாலுமுங்களா?"

"வந்தாலும்."

"கனவு கினவு?"

"அதுவும்தான்." இவளுக்கு இது எப்படித் தெரியும் என்று ஒரு கணம் இடறியது. விட்டுவிட்டான்.

"தக்காளி அழுகிப்போச்சுங்க."

நாச்சிமுத்து நிமிர்ந்தான். தக்காளி என்றால் கோபம். அழுகியது என்றால் அடக்கிவைத்த கோபம்.

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணும் வரலீங்க."

காத்திருந்தான். மின்விசிறி சுற்றியது. மெஷின் இரைச்சலில் காலத்தைக் கழித்தவனுக்கு இந்த அமைதி ஆகவில்லை. கண் அடுப்படிப் பக்கம் போனது. பாத்திரம் கழுவும் தொட்டியில் துண்டு மடித்து விரித்திருந்தது, பாத்திரம் மோதாமலிருக்க. மிக்ஸியைச் சுற்றிச் சாக்கு. குக்கர் விசில் ஆணியில் தொங்கியது, தூசி படிந்து. பகல் தூக்கத்தில் அந்த விசில் ஊதியதற்காகத் தெருவுக்கே கேட்கும்படி அவன் கத்திய நாளிலிருந்து அது அங்கேதான் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். வீடு அமைதியானது அவனுக்குத் தெரியும். ஏன் என்று யோசித்ததில்லை.

"எங்கம்மாளும் இப்படித்தான் துண்டு விரிப்பா." யாரோ பேசினார்கள். அவன்தான்.

"ம்."

"அப்பா லாரி ஓட்டிட்டு வந்து பகல்ல தூங்குவாரு. நானு ஊட்டுக்குள்ள குதிங்கால் படாம நடப்பன். ஒருக்கா டம்ளரு கீழ உழுந்துருச்சு. அவரு எந்திரிச்சு வந்தாரு."

"ம்."

"அடிக்கல. பாத்தாரு. அதுக்கப்பறம் அவருகிட்ட நானா ஒண்ணும் பேசினதில்ல. அவரு சாகறமட்டும்."

அவன் கண் மறுபடி ஆணியில் தொங்கிய விசிலுக்குப் போனது.

"மலரு, அன்னைக்கு நானும் அப்படித்தான் பாத்தனா?"

"ஆமாங்க."

சரிங்க இல்லை. ஆமாங்க. வைத்தியர் தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நோயாளி அசையாமல் விட்டத்தைப் பார்த்திருந்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"நேரமாச்சுங்க. இன்னைக்கு இத்தோட போதும்."

"அட, அத நாந்தான சொல்லோணும்?"

"எங்க டாக்டரம்மா இப்படித்தான் சொல்வாங்க."

"எந்த டாக்டரம்மா?"

"சேலத்துலீங்க. வியாழக்கெழம அம்மாபேட்டைக்கு அக்கா ஊட்டுக்குன்னு போறனல்லங்க, அங்கதான். உங்களப் பத்திக் குத்தம் சொல்லலாம்னு போயிப் படுத்தன். கடைசில எங்கப்பனப் பத்திச் சொல்லி அழுதுட்டு வந்தன். உங்களயும் கூப்புட்டா, நான் என்ன பைத்தியமான்னு குதிப்பீங்க."

அவள் அடுப்படிக்குப் போனாள். ஆணியிலிருந்து விசிலை எடுத்துக் கழுவிக் குக்கர் தலையில் மாட்டினாள். கொஞ்ச நேரத்தில் அது வீடதிரக் கத்தியது. நாச்சிமுத்து கத்தவில்லை.

மிச்சமிருந்த கௌரவத்தைத் திரட்டிக்கொண்டு நிலைப்படியில் வந்து நின்றான். "எப்படியோ, இந்த யோசன எனக்குத்தான தோணுச்சு? அந்த வீடியோ மட்டும் தானா வரலீன்னா..."

"தானா எங்கீங்க வந்துது?" அரிசி களைந்த கையைத் துடைத்தாள் மலர்விழி. "நீங்க தூங்கறப்ப உங்க வெரலப் புடிச்சுப் போனத் தொறந்து, சத்தமில்லாம இந்தச் சங்கதியத் தேடி வெச்சது நானுங்க."