நுரை பார்த்து மெஷின் சொல்லும் மகான்

அந்த வீட்டுச் சாமான் கடையில் நிற்க இடமில்லை. வரிசை தெருவரைக்கும் வந்துவிட்டது. தள்ளுபடி என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டிலேயே எஸ்பிரெசோ காப்பி போடும் மெஷினில் யாருக்கு எது ராசி என்று நுரையைப் பார்த்தே சொல்கிற மகான் ஒருவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். ஊரார் வைத்த பெயர் நுரை ஜோசியர். கடை முதலாளிக்கு அவர் குலதெய்வம்.

முறை எளிது. முதலில் விலை குறைந்த சின்ன மெஷின்மேல் நீங்கள் கை வைக்க வேண்டும். ஜோசியர் தூளைப் போட்டு, கண்ணை மூடி, பொத்தானை அழுத்துவார். கோப்பையில் கறுப்புத் தண்ணீர் விழும், நுரை இருக்காது. உங்கள் கைக்கு இது ஒத்துவரவில்லை என்று வருத்தப்படுவார். பிறகு பெரிய மெஷின். பொன்னிற நுரை கெட்டியாக நிற்கும். கூட்டம் கை தட்டும். சின்ன மெஷினுக்கு ராசியான ஒரு கைகூட அந்த ஊரில் பிறக்கவில்லை. ஏன் என்று கேட்க ஒரு வாயும் பிறக்கவில்லை.

அன்று ஒரு பஸ் டிரைவர் மனைவியோடு வந்தார். மனைவி வீட்டில் துணி தைப்பவர். அவருடைய பழைய தையல் மெஷின் பாதித் தையலில் நின்றுபோய், வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவிக்கொண்டிருந்தார்கள். புதுத் தையல் மெஷினுக்குச் சேர்த்த பணத்தில் மிச்சம் பிடித்து ஒரு சின்னக் காப்பி மெஷின் வாங்கலாம் என்று வந்திருந்தார்கள். டிரைவர் சின்னதில் கை வைத்தார், நுரை இல்லை. பெரியதில் வைத்தார், பொங்கியது. மனிதர் உருகிவிட்டார். தையல் மெஷினை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று மனைவியின் காதில் சொன்னார்.

 அந்த அம்மாளின் கண் ஜோசியரின் கையைவிட்டு நகரவில்லை. சின்ன மெஷினுக்கு ஒரு டப்பாத் தூள், பெரியதற்கு வேறு டப்பா.

"ஐயா, அந்தப் பெரிய மெஷின் டப்பாத் தூளை இந்தச் சின்னதுல போட்டுக் காட்டுங்களேன்."

"மாத்திப் போட்டா தோஷம்மா."

"தோஷம் வந்தா எனக்குத்தானே வரும். போடுங்க."

அடுத்தவருக்கு வரும் தோஷத்தைப் பார்க்க யாருக்குத்தான் கசக்கும்? போடச் சொல்லிக் கூட்டமும் அவசரப்படுத்தியது. ஜோசியருக்குக் கை வரவில்லை. அந்த அம்மாளே போட்டு, பொத்தானை அழுத்திவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சின்ன மெஷினில் நுரை கெட்டியாக வந்தது. மற்ற டப்பாத் தூளைப் பெரியதில் போட்டார். கறுப்புத் தண்ணீர் வந்தது. டப்பாக்களைச் சுற்றுக்கு விட்டார். ஒன்றில் காலையில் அரைத்த தூள் மணத்தது. மற்றதில் பழைய அட்டைப்பெட்டி வாசம்தான் வந்தது.

டிரைவர் அசடு வழியச் சின்ன மெஷினையே எடுத்துக்கொண்டார். தையல் மெஷின் பணம் பிழைத்தது. ஜோசியர் விடவில்லை. இந்த அம்மாளின் பார்வையிலேயே தனிச் சக்தி இருக்கிறது, அதனால்தான் நுரை வந்தது என்று சொல்லிவிட்டுப் பின்வாசலைத் தேடினார்.

அவ்வளவுதான், வரிசை அப்படியே அந்த அம்மாள் பக்கம் திரும்பியது. முதலில் நின்றவர் பயபக்தியோடு கையை நீட்டி, தனக்கு எந்த மெஷின் ராசி என்று கேட்டார்.

"தூளை மோந்து பாருங்க. அதுக்குத்தான் மூக்கு இருக்கு. மூக்குக்கு மேலயும் ஒண்ணு இருக்கு, அதையும் கொஞ்சம் வேலை செய்ய விடுங்க."