பூசணித் தோட்டத்துப் புழு முட்டைகள்

கனவு காண்கிறவர்களின் கையில் நுணுக்குக்காட்டியைக் கொடுக்கக்கூடாது. எனக்குக் கொடுத்தார்கள். அதன் பலனைச் சண்டிலிப்பாயில் ஒரு குடும்பம் ஐந்து நாள் அனுபவித்தது.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். நாயின் குடலில் வாழும் உருளைப்புழு மனிதருக்கு எப்படித் தொற்றுகிறது என்பதுதான் ஆய்வு. நாயின் மலத்தோடு முட்டைகள் மண்ணில் விழும். சில கிழமைகளில் முற்றி, கழுவாத கையோடோ கழுவாத கீரையோடோ எங்கள் வயிற்றுக்குள் போகும். அங்கே பொரிக்கிற குஞ்சுப்புழு வழி தெரியாமல் ஈரல், நுரையீரல் என்று அலையும். அரிதாகக் கண்ணுக்கும் போய்விடும். (இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் விளக்கியதால், வீட்டில் எனக்குத் தனியாகச் சோறு போடத் தொடங்கினார்கள்.)

வீட்டு வளவுகளில் மண் எடுத்துவந்து, கழுவி, சீனிக் கரைசலில் மிதக்கவிட்டு, மேலே வருவதைப் பார்ப்பது என் வேலை. அப்படித்தான் சண்டிலிப்பாயில் கீரை விற்கும் சிவபாக்கியம் அக்காவின் தோட்டத்துக்குப் போனேன். முற்பகல் வெயில். ஒரு பக்கம் கீரைப் பாத்தி, மறுபக்கம் பூசணிக்கொடி. கொடிக்குள்ளே செம்பி என்ற நாய் நான்கு குட்டிகளோடு படுத்திருந்தது. உதிர்ந்த மஞ்சள் பூக்களுக்கு நடுவே குட்டிகள் மூச்சுவிடுவதைப் பார்த்தபடி நான் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

"பிள்ளை, மண் எடுக்க வந்தனீங்களோ, மாப்பிள்ளை பாக்க வந்தனீங்களோ?" என்று அக்கா கேட்ட பிறகுதான் கரண்டியை எடுத்தேன்.

மறுநாள் அந்த மண்ணை நுணுக்குக்காட்டியில் வைத்தேன். உள்ளே ஒரு வானம் இருந்தது. பொன்னிறத்தில் உருண்டை உருண்டையாக, சின்னச் சின்ன நிலாக்கள். ஒன்று மெதுவாகத் திரும்பும், இன்னொன்று அதன் பின்னால் மிதந்துவரும். என்ன வடிவு! நாற்பது வரை எண்ணினேன். கண்டதை அளக்க வேண்டும், ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான மேடத்துக்குக் காட்டவேண்டும் என்பது விதி. மேடம் கொழும்புக்குப் போயிருந்தார். நிலாவை யாராவது அளப்பார்களா? "முட்டை, நாற்பது" என்று எழுதிவிட்டேன்.

அடுத்த நாள் சண்டிலிப்பாய் வாசிகசாலையில் ஒரு கூட்டம். கை கழுவுவது பற்றி ஐந்து நிமிடம் கதைக்கச் சொல்லி என்னை அனுப்பியிருந்தார்கள். முப்பது பேர் என்னையே பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"சிவபாக்கியம் அக்காவின்ரை பூசணிக்கொடிக்குக் கீழை பொன் உருண்டையள் நித்திரை கொள்ளுது," என்றேன், கண்ணை மூடிக்கொண்டு. "ஒவ்வொண்டுக்குள்ளையும் ஒரு புழு கனவு காணுது. அது எங்கடை கண்ணைத் தேடி வரும்!"

கண்ணைத் திறந்தபோது முன்வரிசை எழும்பிப் போய்க்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அக்காவின் கீரையை ஒருவரும் வாங்கவில்லை. அவருடைய கணவர் செம்பியையும் குட்டிகளையும் கோப்பாயில் இருக்கும் தமையன் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். தூசி விழுந்து சிவந்திருந்த மகளின் கண்ணைக் காட்ட ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

ஐந்தாம் நாள் மேடம் திரும்பி வந்து நுணுக்குக்காட்டியில் குனிந்தார். கனநேரம் நிமிரவில்லை.

"ரஞ்சினி, உதை அளந்தனீரோ?"

"இல்லை மேடம்."

"சுத்திவர முள்ளு நிக்குது. அது கூடவா தெரியேல்லை? இது பூசணிப்பூவின்ரை மகரந்தம்."

"அப்ப முட்டை?"

"ஒண்டுகூட இல்லை. அதுக்குள்ளை ஆக்களுக்கு முன்னாலை வீட்டுக்காரரின்ரை பேரையும் சொல்லிப்போட்டீராம். நீர்தான் போய்ச் சொல்லவேணும்."

பஸ்ஸில் சண்டிலிப்பாய் வரைக்கும் அழுதேன். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப என்ரை பூவைக் கண்டோ பிள்ளை இவ்வளவு கூத்தும்?" என்றார். ஆனால் சிரிக்கவில்லை. "ஐஞ்சு நாளாய் என்ரை கீரையை மாடு திண்டுது," என்று சொல்லி, கீரைக்கூடையைத் தூக்கி என் கையில் வைத்தார்.

நான் கூடையோடு பின்னால் நடந்தேன். ஒவ்வொரு வீட்டு வாசல் படலையடியிலும் அக்கா என்னை முன்னுக்குத் தள்ளி, "பூவைப் புழு எண்டு சொன்ன பிள்ளை இதுதான்," என்று அறிமுகம் செய்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். (பதினேழு வீடு. ஒரு வீட்டில் இன்னொருமுறை சொல்லச் சொன்னார்கள், குளித்துக்கொண்டிருந்தவருக்குக் கேட்கவில்லையாம்.) கூடை வெறுமையானது.

பிறகு கோப்பாய்க்கு ஓட்டோ பிடித்துச் செம்பியைக் கூட்டிவரப் போனோம். திரும்பும்போது ஒரு குட்டி என் மடியில் நித்திரை கொண்டது. இரண்டு பக்கமும் செம்மண் தோட்டங்கள் மெல்ல நழுவிப் போயின. மன்னிக்கப்பட்டுவிட்டேன் என்ற நினைப்பில் கண்ணயர்ந்தேன். மடியில் ஏதோ சூடாகப் பட்டது. குட்டி சத்தி எடுத்திருந்தது. பாலோடு ஒரு பிடி வெள்ளைப் புழுக்கள், இடியப்பம் பிழிந்துவிட்டதுபோல, நெளிந்துகொண்டு.

"அக்கா! உருளைப்புழு!" என்று நான் சந்தோசத்தில் கத்தியதில் ஓட்டோ நின்றுவிட்டது. மண்ணை மட்டுமே தோண்டிய எனக்கு, குட்டிகளுக்குத் தாயிடமிருந்தே புழு வந்துவிடும் என்ற முதல் பாடம் நினைவில் இருக்கவில்லை.

அக்கா என் மடியைப் பார்த்தார். "உதையாவது வடிவாய் அளந்து பாரும்," என்றார். அதற்குப் பிறகுதான் சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

தாய்க்கும் குட்டிகளுக்கும் பூச்சி மருந்து கொடுத்தோம். மூன்று குட்டிகளை அயலவர் கொண்டுபோனார்கள். சத்தி எடுத்ததை அக்காவே வளர்க்கிறார். அதற்கு ரஞ்சினி என்று பெயர் வைத்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பார். போன கிழமையும் எடுத்தார். என் மகள்தான் கதைத்தாள். வீடு நிறைய விருந்தாளிகள் இருந்தார்கள்.

"அம்மா," என்று கத்தினாள், "ரஞ்சினிக்குப் பூச்சிக் குளிசை குடுத்தாச்சாம். இந்தமுறை துப்பாமல் விழுங்கினதாம்!"